கம்பெனி வாசலில் என் முகம்

இந்த ஊரில் வலிக்கிறது என்று சொன்னால் உட்காரவைத்துச் சம்பளம் கொடுக்கிறார்கள். ஐஸ்லாந்தின் ஒரு பெண்கள் கால்பந்துக் கிளப்பில் நான் ஸ்ட்ரைக்கர். கோல் அடிப்பதுதான் வேலை. குளிர்கூடப் பழகிவிட்டது, இந்த வழக்கம் மட்டும் இன்னும் பழகவில்லை. வந்த புதிதில் ஒரு நாள் நான் லேசாக நொண்டியதைப் பயிற்சியாளர் பார்த்துவிட்டு, "நாளை வராதே" என்றார். எங்கள் கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டையில் அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான்: சீட்டுக் கிழிந்தது. அறைக்குப் போய் அழுதுகொண்டே பெட்டியைக் கட்டினேன். மறுநாள் மீன் சூப்போடு வந்த அந்த மனிதர் பெட்டியைப் பார்த்து, "விடுமுறைக்கா? முழங்கால் ஆறட்டும், அப்புறம் போகலாம்" என்றார். "தாக்" என்று அவர் மொழியில் நன்றி சொல்லி அனுப்பினேன். கதவைச் சாத்தியதும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அந்த நல்ல மனிதர்மேல் எனக்கு என்ன கோபம்? கோபமெல்லாம் ஊர்ப்பக்கம்தான்.

பொன்னேரிப் பக்கம் அறுவடை முடிந்த வயலில் பந்து உதைத்துக்கொண்டிருந்த என்னை ஒரு கம்பெனி தன் பெண்கள் அணிக்கு எடுத்துக்கொண்டது. காலையில் பயிற்சி, மதியத்திலிருந்து பேக்கிங் பிரிவில் நின்றபடி வேலை, அதுவும் ஒப்பந்தத்தில். ஒரு கோப்பையின் இறுதி ஆட்டத்தில் முழங்காலுக்குள் ஏதோ அறுந்தது. வலிக்கிறது என்றேன். அணியைக் கவனித்த மேனேஜர் ஸ்பிரே அடித்துக் கட்டுப் போட்டு, "இன்னாமா சும்மா பேஜார் பண்ற? ஒரு கோல் போட்டுட்டு வந்து உக்காந்துக்கோ" என்று உள்ளே தள்ளினார். போட்டேன். கோப்பை அவர் அறைக்குப் போனது. நான் நைனாவின் தோளில் தொங்கிக்கொண்டு மின்சார ரயிலில் சென்னை ஆஸ்பத்திரிக்குப் போனேன். நைனா, அதாவது என் அப்பா, அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தில் ஒப்பந்தக் கூலி; லீவு போட்டால் அவருக்கும் வேலை நிச்சயமில்லை. கட்டுப் பிரித்து வேலைக்குத் திரும்பிய அன்று கேட்டிலேயே நிறுத்தினார்கள். "நொண்டிக்கினு இருக்கிற பொண்ண வெச்சிக்கினு நான் இன்னா பண்றது? நாளைக்கு வராத" என்றார் அதே மேனேஜர். ஆறு கடக்கும் வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார்! அந்தக் காலை மறுபடி ஓட வைத்தது, பெங்களூர் கிளப்பில் பெஞ்சைத் தேய்த்தது, இங்கே வந்து சேர்ந்தது எல்லாம் என் பாடு. அதில் அந்தக் கம்பெனிக்கு ஒரு பங்கும் கிடையாது.

போன வாரம் ஒரே ஆட்டத்தில் மூன்று கோல் அடித்தேன். செய்தி ஊர்வரை போய்விட்டது. நைனா ஒரு போட்டோ அனுப்பினார். கம்பெனி வாசலில் ஆளுயர பேனர், 'எங்கள் கம்பெனி தந்த தங்க மகள்' என்று. முகம் என்னுடையது. கழுத்துக்குக் கீழே கம்பெனிச் சட்டை போட்ட யாருடைய உடம்பையோ ஒட்டியிருந்தார்கள். பக்கத்தில் அந்த மேனேஜர் கைகூப்பிச் சிரிக்கிறார். வெட்கங்கெட்ட ஜென்மங்கள்! உடனே நைனாவைக் கூப்பிட்டேன்.

"கிழிச்சிப் போடு நைனா."

"எப்டிமா கிழிப்பேன்? உன் மூஞ்சிமா அது. சேதி கேட்டு பஸ் புடிச்சி வந்து பாத்துக்கினே நின்னேன்."

"என்னை நொண்டின்னு தொரத்தனவன் வெச்ச பேனர் நைனா அது."

அவர் போனை வைத்துவிட்டார். ஊரை விட்டு வந்தவர்களுக்குத் தெரியும், பாதியில் வைத்த போனோடு இங்கே தூங்க முடியாது.

மறுநாள் அவரே கூப்பிட்டார்.

"கத்திரிக்கோல் எடுத்துக்கினு போனேன். கழுத்து வரைக்கும் வெட்டி ஊட்டுக்கு எடுத்தாந்துட்டேன். சட்ட அவன்து, அவனே வெச்சிக்கட்டும். வாட்ச்மேன் இன்னா பெருசு பண்றன்னான். எம் பொண்ண ஊட்டுக்கு இட்டுக்கினு போறேன்னேன்."

சிரித்தேனா அழுதேனா, தெரியவில்லை. இதை எழுதும்போது என் தலை எங்கள் வீட்டுச் சுவரில் சிரித்துக்கொண்டிருக்கிறது. தலையில்லாத அந்தச் சட்டை இன்னும் கம்பெனி வாசலில் காற்றில் ஆடுகிறதாம். கால்கள் இரண்டும் இங்கே, பனி வழித்துப்போட்ட மைதானத்தில், ஓர் ஐஸ்லாந்துக் கிளப்புக்காக ஓடிக்கொண்டிருக்கின்றன.