ஸ்டெல்லாவின் முகத்தில் விழுந்த வெளிச்சம்

நேற்று பழைய கேமரா பையைத் துடைக்கும்போது லைட் மீட்டர் கையில் தட்டுப்பட்டது. வெளிச்சத்தை அளக்கும் கருவி, உள்ளங்கைக்குள் அடங்கும். தலையில் பாதி பிங்பாங் பந்து போல ஒரு வெள்ளைக் குமிழ். பேட்டரி கசிந்த நெடி மூக்கில் ஏறியது. டிஜிட்டல் கேமராவுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொண்டு திரிகிறேன். ஆனால் அந்த நெடி என்னை நேரே சதுரங்கப்பட்டினத்துச் சர்ச்சுக்கு இழுத்துப்போய்விட்டது.

டிஜிட்டல் வந்த புதிது. கேமராவும் புதிது, என் தலைக்கனமும் புதிது. மணப்பெண் ஸ்டெல்லா காலையிலேயே என்னிடம் சொல்லிவிட்டாள்.

"நிச்சயதார்த்த போட்டோல பொடவதான் தெரியுது ணா, என் மூஞ்சி தெரில. தாலி கட்டசொல்ல எடுக்குறதுலயாவது தெரியணும்."

நல்ல கறுப்பு அவள். வெள்ளைப் புடவையைப் பார்த்து ஏமாந்துபோய், கேமரா முகத்தை இருட்டாக்கிவிடும். மீட்டரோ புடவையைப் பார்க்காது. முகத்தருகே பிடித்தால் அங்கே விழும் வெளிச்சத்தை மட்டும் சொல்லும். பிடிக்கப் போனேன். மாப்பிள்ளையின் பெரியப்பா என் கையைத் தட்டிவிட்டார்.

"இன்னாபா, பொண்ணு மூஞ்சாண்ட கைய நீட்டிகினு கீற?"

பயந்துபோய் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். கண்மதிப்பிலேயே ஓட்டிவிடலாம் என்று நினைப்பு. போதகர் தாலியை எடுத்த நேரம் பார்த்து, புழுக்கம் தாங்காமல் யாரோ கடல் பக்கத்துக் கதவைத் திறந்துவிட்டார்கள். வெளிச்சம் உள்ளே கொட்டியது. சோதனைக்கு ஒரு படம் எடுத்தேன். கேமராவின் பின்திரையில் வெயில் பட்டு ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு தடவை தாலி கட்டச் சொல்ல முடியுமா? பெரியப்பா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஸ்டெல்லாவும் பார்த்தாள். மாப்பிள்ளை தாலியோடு நிற்கையில் என் சட்டைப்பையைக் காட்டிக் கையை நீட்டினாள்.

"குடு ணா, நானே புட்சிக்கிறேன்."

மீட்டரைத் தாடைக்குக் கீழே பிடித்துப் பொத்தானை அழுத்திவிட்டு, அதில் வந்த எண்ணை, "அஞ்சு புள்ளி ஆறு" என்று படித்தாள். சர்ச்சே திரும்பிப் பார்த்தது. போதகர் இருமினார். அந்த எண்ணுக்கு நான் கேமராவை மாற்றி முடிக்கவும் தாலி ஏறவும் சரியாக இருந்தது. படத்தில் அவள் முகம் அவள் நிறத்திலேயே, மூக்கோரத்து வியர்வை உட்பட, அப்படியே இருந்தது. அவர்கள் வீட்டுக் கூடத்தில் இன்னும் மாட்டியிருக்கிறது.

போன மாதம் மாமல்லபுரத்தில் அவள் மகளுக்கு நிச்சயதார்த்தம். அம்மாவின் நிறம், அம்மாவின் மூக்கு. மீட்டர் எடுத்துப்போகவில்லை, தேவையும் படவில்லை. ஆல்பத்தை நாவலூரில் ஓர் ஆபீசில் முடித்துக் கொடுத்தார்கள். அங்கே கம்ப்யூட்டரே எல்லா முகத்தையும் வெளுப்பாக்கிவிடுகிறது. நான் புரட்டிக்கூடப் பார்க்காமல் கொண்டுபோய்க் கொடுத்தேன். நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

ஸ்டெல்லா கடைசிப் பக்கம் வரை நிதானமாகப் பார்த்தாள். கோபப்படவில்லை.

"நல்லாத்தான் கீது ணா. எம் பொண்ணு போட்டோ எங்க?"