பூட்டிய அறையில் தெள்ளுப்பூச்சி

இருபத்தாறு வருடமாக பஸ் கண்டக்டர். விசில் ஊதுவது போதாதென்று வாயாலும் ‘ரைட், ரைட்’ என்பார்; டிப்போவில் அவர் பெயரே ரைட்டு என்றாகிவிட்டது. வீட்டில் அவரும் தம்பியும் மட்டும். இருவருக்கும் கல்யாணம் ஆகவில்லை. ஏனென்று கேட்டால் ஒருவரையொருவர் கைகாட்டுவார்கள். தம்பி எங்கிருந்தோ ஒரு பூனையைத் தூக்கிவந்தான். அண்ணனுக்குப் பூனை ஆகவே ஆகாது. ஆனாலும் அதற்கு மீன் வாங்கிவந்தது அண்ணன்தான்.

தம்பி மாரடைப்பில் போய்விட்டான். ஒரு வாரத்தில் பூனையும் எங்கோ போனது. ரைட்டு தம்பியின் அறையைப் பூட்டிவிட்டு வேலைக்குப் போனார். அழவில்லை. கல்நெஞ்சுக்காரர் என்று சொந்தபந்தம் வாய்கூசாமல் பேசியது. நெஞ்செல்லாம் நெஞ்சுதான், மரத்துப்போயிருந்தது, அவ்வளவுதான். பூனை விட்டுப்போன தெள்ளுப்பூச்சிகள் கதவிடுக்கு வழியாக வந்து முழங்கால்வரை கடித்துத் தடித்திருந்தது கூட அவருக்கு உறைக்கவில்லை.

நாலு மாதம் கழித்து வந்த அக்கா, ஐந்தே நிமிடத்தில் காலைச் சொறிந்துகொண்டு எழுந்துவிட்டாள்.

“ஏன்டா, உனக்கு ஒண்ணுமே தெரியலையா?”

“தெரியலக்கா.”

மாடியில் இருந்த வீட்டுக்காரர், பூச்சி ஒழியாவிட்டால் மாதக் கடைசியில் காலி செய்யச் சொல்லிவிட்டார். காலி செய்வதென்றால் தம்பியின் அறையையும்தான்.

மருந்து அடிப்பவர் வந்தார். அக்காதான் பூட்டைத் திறந்தாள்; ரைட்டு வாசலிலேயே நின்றார்.

“கூட்டுக்குள்ள இருக்கறத மருந்து ஒண்ணும் செய்யாதுங்க. காலடி அதிர்ந்தாத்தான், ஆள் வந்தாச்சுன்னு வெளிய வரும், வந்து மருந்துல சாகும். ரெண்டு வாரம் தினமும் யாராவது உள்ள நடக்கணும்.”

வெள்ளை சாக்ஸ் போட்டால் ஏறுவது கண்ணுக்குத் தெரியும் என்றும் சொன்னார். அக்கா தானே தங்கி நடப்பதாகச் சொன்னாள். அந்த அறையில் வேறொருவர் நடப்பதை ரைட்டால் நினைக்க முடியவில்லை. வேண்டாம், தானே நடப்பதாகச் சொல்லிவிட்டார்.

ஜன்னலிலிருந்து கட்டிலுக்கு ஏழு காலடி. கதவுக்குப் பின்னால் தம்பியின் சட்டை, தலையணையில் பூனைமுடி. முதல் நாள் சாக்ஸில் முப்பதுக்கு மேல் கறுப்புப் புள்ளிகள். எண்ணி முடித்தார், ஒன்றும் தோன்றவில்லை. ஐந்தாம் நாள் பத்து. பன்னிரண்டாம் நாள் ஒன்றே ஒன்று.

பதினான்காம் நாள் சாக்ஸ் வெள்ளையாகவே இருந்தது. சந்தோஷப்பட வேண்டிய விஷயம். அவரோ தரை அதிர ஓங்கி மிதித்து இன்னொரு நடை நடந்தார். ஒன்றும் வரவில்லை. கடைசி நிறுத்தத்தில் காலி பஸ்ஸுக்குள் எட்டிப் பார்த்துக் கேட்கிற பழக்கதோஷம், வாய் தானாகக் கேட்டது.

“உள்ள யாராச்சும் இருக்கீங்களா?”

தம்பி இல்லை என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. கட்டிலில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதார். சத்தம் கேட்டு இறங்கிவந்த வீட்டுக்காரர், கதவருகே கொஞ்சநேரம் நின்றுவிட்டு மாடிக்குப் போய்விட்டார்.