பனிமலையில் உப்பைத் துடைத்தேன்

நடந்ததை வரிசையாகவே சொல்லிவிடுகிறேன்.

1. அலுவலகப் பயிற்சிக்காக ஜப்பான் போன நான், கடைசி இரண்டு நாள் ஒரு மலையூரில் தங்கினேன்.
2. தூத்துக்குடி உப்பளத்தில் வேலை பார்க்கும் அப்பா, பனி மூடிய மலையை ஒரு படமாவது எடுத்து வரச் சொல்லியிருந்தார்.
3. முதல் நாள் முழுக்க மலையை மேகம் மறைத்திருந்தது.
4. மாலையில் சூடான அறைக்குள் நுழைந்ததும் லென்ஸைக் கழற்றித் துடைத்தேன்.

நான்காவதுதான் தவறு. உப்புக்காற்றுக்குப் பயந்து, வெளியே போய் வந்ததும் கேமராவைத் துடைப்பது எங்கள் வீட்டுப் பழக்கம். அங்கேயோ, குளிரில் சில்லிட்டிருந்த லென்ஸுக்குள் அறையின் சூட்டுக்காற்று புகுந்து நீர் கோத்துக்கொண்டது. மறுநாள் காலையில் எனக்கு ரயில். போனில் எடுத்தால் தூரத்து மலை புள்ளியாகத்தான் தெரியும்.

அப்பாவுக்குப் போன் செய்தேன்.

"அங்கன உப்பே கிடையாதே, எதுக்குளா தொடச்ச?"

"நீங்கதானப்பா தொடைக்கச் சொன்னீங்க."

"நான் தூத்துக்குடிக்குல்லா சொன்னேன்." சிரித்துவிட்டு, "படம் கெடக்கட்டும். நீ மலைய நல்லா பாத்துட்டு வா" என்றார்.

பேட்டரியைக் கழற்றிவிட்டு, லென்ஸை மேசைமேல் தனியாகக் காயவைத்தேன். விடிந்தபோது மேகம் விலகியிருந்தது. லென்ஸின் ஓரத்தில் மட்டும் மங்கல் மிச்சமிருந்தது. அப்படியே எடுத்தேன்.

இப்போதெல்லாம் ஏசி அறையிலிருந்து வெளியே வந்தால்கூட, கேமராவை அரை மணி நேரம் பையை விட்டு எடுப்பதில்லை. கடற்கரைக்குப் போய் வந்தால் மட்டும் பழையபடி துடைக்கிறேன்.

ஓரம் மங்கிய அந்த மலை அப்பாவின் போன் முகப்பில் இருக்கிறது. "எந்த அளத்து உப்பு அண்ணாச்சி இது?" என்று உடன் வேலை பார்ப்பவர்கள் கேட்கிறார்கள். அவர் இன்னும் படத்தை மாற்றவில்லை.