வெறும் வயிற்றோடு வந்த தெரு

எங்கள் விளாங்குடித் தெருவில் குடிதண்ணீரோடு சாக்கடை கலந்து வந்ததைப் போன வாரம் இதே பக்கத்தில்தான் எழுதிப் புலம்பியிருந்தேன். இன்று காலை தெருமுனையில் முகாம் போட்டு, எல்லோருக்கும் ரத்தம் எடுத்தார்கள்.

டைபாய்டு, மஞ்சள் காமாலை இருக்கிறதா என்று பார்க்கத்தான். ஆனால் நம் ஊரில் ரத்தம் எடுக்கிறார்கள் என்றால் சுகர் டெஸ்ட் என்றுதானே அர்த்தம்? சொல்லிவைத்தது போலத் தெருவே காபிகூடக் குடிக்காமல் வந்து நின்றது. காய்ச்சலில் துவண்டு கிடந்த என் மகளையும் பட்டினியாகவே கூட்டிப்போயிருந்தேன்.

நர்ஸ் பதறிவிட்டார்.

"ஏக்கா, ஒங்கள யாரு சாப்பிடாம வரச் சொன்னது? பிள்ள மயங்கி விழுந்துரப் போகுது!"

தன் டிபன் பாக்ஸைத் திறந்து, இருந்த இட்லியை மகளிடம் கொடுத்துவிட்டார். பிறகு வரிசையைப் பார்த்துச் சிரித்தார்.

"இம்புட்டுப் பேரு வெறும் வயித்தோட வந்துட்டீங்க. பெரியவங்களுக்கு சுகரும் சேத்தே பாத்துருவோம்."

சாயங்காலம் அவரே போனில் கூப்பிட்டார்.

"அக்கா, பிள்ளைக்கு டைபாய்டுதான். ஆரம்பத்துலயே பாத்துட்டோம், மாத்திரையிலயே சரியாயிரும். பயப்படாதீங்க."

எனக்கு அழுகையே வந்துவிட்டது. அந்தத் தங்கச்சி நன்றாக இருக்க வேண்டும் என்று மனசார வாழ்த்தினேன்.

"அப்புறம்க்கா, ஒங்களுக்குத் தண்ணியால ஒண்ணுமில்ல. சுகர்தான் எக்கச்சக்கமா இருக்கு."

தண்ணீரையாவது காய்ச்சிக் குடித்துக்கொள்ளலாம். கருப்பட்டியைக் கொட்டி தினமும் நான் குடிக்கும் பருத்திப்பாலை என்ன செய்ய, சொல்லுங்கள் மக்களே?