கண்ணை மூடிக்கொண்டு பேசச் சொன்னவர்

எஸ்தர் டீச்சர் காலமாகிவிட்டார் என்று வேலூரிலிருந்து அவருடைய தம்பி ஆள் அனுப்பியிருந்தார். "எந்த எஸ்தர்? நீங்க கண்ணால பாத்தீங்களா?" என்று வந்தவரைக் கேட்டேன். சாவுச் செய்தியில்கூடவா சந்தேகம் என்று அவர் திகைத்துப் போனார். என் சுபாவம் அது. அதில் எனக்குச் சரிநிகராக நின்றவர் டீச்சர் ஒருவர்தான்.

எங்கள் மகள் மல்லிகாவுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. எழுபதுகளில் ஆம்பூரில் நாங்கள் ஏறி இறங்கிய பள்ளிக்கூடங்கள் எதுவும் அவளைச் சேர்த்துக்கொள்ளவில்லை. என் கணவருக்கு டேனரியில் தோல் தரம் பிரிக்கும் வேலை. நான் எஸ்.எஸ்.எல்.சி. வரை படித்தவள். போங்கடா என்று சமையற்கட்டிலேயே அவளுக்குப் பாடம் தொடங்கினேன். இப்படி வீட்டில் படிக்கும் பிள்ளைகளைப் பார்த்துச் சொல்லிக்கொடுக்க, வேலூரில் இருந்த ஒரு பயிற்சி நிலையம் வாரந்தோறும் ஆசிரியை ஒருவரை அனுப்பியது. அப்படித்தான் ஒரு வியாழக்கிழமை, வெயிலில் முகம் சிவக்க, தோளில் கனத்த பையோடு எஸ்தர் டீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார்.

வீட்டுப் படிப்பே போதுமா, வெளியூர் விடுதிப் பள்ளிக்கு அனுப்ப வேண்டுமா என்று அவர்தான் முடிவு சொல்ல வேண்டும். அவர் சொல்படி கேட்பது என்று என் கணவர் ஒப்புக்கொண்டிருந்தார். நான் ஒப்புக்கொள்ளவில்லை. பேச்சு வராத ஏழு வயதுப் பெண்ணை முகம் தெரியாதவர்களிடம் எப்படி விடுவது? என் ஓரகத்தி வேறு தூபம் போட்டாள். "பாத்துக்கினே இரு. பொண்ண இட்டுக்கினு போய் ஹாஸ்டல்ல போட்டுடுவாங்க. அப்பறம் பேரையும் மாத்திடுவாங்க."

முதல் நாள் கொடுத்த காபியை டீச்சர் தொடவில்லை. எங்கள் வீட்டில் கை நனைக்க மாட்டாரோ என்று மனதில் போட்டு வைத்தேன். பாடம் முடிந்ததும் ஆறிப்போன காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, "வாய்ல காபிய வெச்சிக்கிட்டுப் பேசினா குழந்தை என்னத்தப் பாத்துப் புரிஞ்சிக்கும்?" என்றார். அடுத்தடுத்த வாரங்களிலும் கவனித்த பிறகுதான் நம்பினேன்.

மல்லிகா உதட்டசைவைப் படிக்கக் கற்றுக்கொண்டுவிட்டாள் என்பதில் எனக்கு அப்போது அசாத்தியப் பெருமை. உப்பு என்றால் உப்பு டப்பாவை எடுப்பாள், கரண்டி என்றால் கரண்டி. டீச்சர் எதிரில் எல்லாவற்றையும் தரையில் பரப்பி, ஒவ்வொன்றாகச் சொல்லிக் காட்டினேன். ஒன்றுகூடத் தப்பவில்லை. டீச்சர் மல்லிகாவைப் பார்க்கவேயில்லை, என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்ப கண்ண மூடிக்கிட்டுச் சொல்லுங்க" என்றார்.

மூடிக்கொண்டு, புளி என்றேன். ஒரு சத்தமும் இல்லை. மறுபடி சொன்னேன். சற்று நேரத்தில் இரண்டு பிஞ்சு விரல்கள் என் இமையைப் பிடித்துத் திறந்தன. அவள் இத்தனை நாளும் படித்தது என் உதட்டை அல்ல. எந்தப் பொருளைச் சொல்கிறேனோ, என்னை அறியாமல் என் பார்வை அதன்மேல் போய் வந்திருக்கிறது. அவள் அந்தப் பார்வையைப் பிடித்துக்கொண்டு போயிருக்கிறாள்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஹாஸ்டலுக்கு அனுப்பறதுக்குத்தான இந்த நாடகமெல்லாம்?" என்று கத்தினேன்.

டீச்சர் நிதானமாகப் பையை மூடினார். "உங்கள நம்பறேம்மா. உங்க கண்ணத்தான் நம்ப மாட்டேன். மழைக்காலம் முடியட்டும், அதுவரைக்கும் நான் முடிவு சொல்லல. தினம் கண்ணக் கட்டிக்கிட்டுப் பாடம் எடுங்க" என்றார்.

மறுநாளிலிருந்து என் கணவரின் துண்டைக் கண்ணில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். நான் சொல்லும் பொருளை மல்லிகா என் கையில் வைக்க வேண்டும். உப்பு கேட்டால் மிளகாய் வரும், மிளகாய் கேட்டால் தீப்பெட்டி வரும். பக்கத்து வீட்டு பீபி எனக்குக் கண் வலி என்று எண்ணிச் சொட்டு மருந்து கொடுத்தனுப்பினார். மகள் போய்விடுவாளே என்ற பயத்தில் துண்டுக்குள்ளேயே எத்தனையோ முறை அழுதிருக்கிறேன்.

ஒரு காலையில் உப்பு என்றேன், உள்ளங்கையில் உப்பு விழுந்தது. புளி என்றேன், பிசுபிசுவென்று புளி வந்தது. வியாழக்கிழமைக்காகக் காத்திருந்து சொன்னேன். டீச்சர் முகத்தில் ஒரு சிரிப்பு? கிடையாது. "டப்பாங்க வரிசைய மனப்பாடம் பண்ணியிருப்பா" என்று எல்லாவற்றையும் கலைத்தார். "அம்மா வாய் மட்டும் பழகியிருக்கும்" என்று என் கணவரைக் கண்ணை மூடிக்கொண்டு பேச வைத்தார். அவருடைய மீசையையும் மீறி மல்லிகா சொன்னதை எடுத்தாள். அதன் பிறகுதான் டீச்சர், "ஹாஸ்டல் வேணாம்மா. இவ இங்கயே படிக்கட்டும்" என்றார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் விடவில்லை.

மல்லிகா மெல்ல வாய் திறந்து பேசப் பழகி, தனித்தேர்வராக எட்டாம் வகுப்பு தேறும் வரை டீச்சர் வருவதை நிறுத்தவில்லை. ஒவ்வொரு முறையும் எதையாவது சந்தேகப்பட்டுவிட்டுத்தான் பஸ் ஏறுவார். இன்று அவள் ஒரு ஷூ கம்பெனியில் செக்கிங் பிரிவில் இருக்கிறாள்.

அடக்கத்துக்கு நானும் அவளும் போனோம். தேவாலயத்தில் நல்ல கூட்டம். எதிர்ப்புறத்து வரிசையில் டீச்சரின் தம்பி எங்களைக் காட்டி யாரிடமோ பேசிக்கொண்டிருந்தார். எனக்கு ஒரு சொல்லும் கேட்கவில்லை. நம்மைப் பற்றி என்ன பேச்சு என்று உடனே மனம் குடைந்தது. மல்லிகா என் முழங்கையைத் தொட்டு, தன் கனத்த குரலில் மெல்லச் சொன்னாள்.

"டீச்சர் ஆம்பூர் பஸ்ல ஜெபம் பண்ணிக்கினே வருவாங்களாம். எனக்காக இல்லியாம். உன் வாய்ல மாட்டிக்கக் கூடாதுன்னுதானாம்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. தம்பியிடம் போய், அப்படித்தான் சொன்னீர்களா என்று கேட்டிருக்கலாம். நீங்களாக இருந்தால் கேட்காமல் விட்டிருக்க மாட்டீர்கள், டீச்சர். நான் கேட்கவில்லை. என் மகள் சொன்னாள், நம்பிவிட்டேன். நிம்மதியாகப் போய் வாருங்கள்.