எஸ்.எஸ்.டி வந்த பிறகு யாரும் கூப்பிடவில்லை

சர்வரைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தது எங்கள் முதலாளியின் யோசனை. "மேல குளுகுளுன்னு கெடக்கு. ஏ.சி.க்கு எதுக்குத் தண்டச் செலவு?" என்றார். மலைக் காய்கறி, பூண்டு, மிளகு வாங்கி விற்கும் நிறுவனம் அது. ஆபீஸ் பழனியில், கிடங்குகள் ஆங்காங்கே. சர்வர் மட்டும் கொடைக்கானல் அட்டுவம்பட்டியில் அவர் வீட்டுப் பின்கட்டு அறையில். அதைப் பார்த்துக்கொள்ள டேட்டாபேஸ் நிர்வாகி என்ற பெயரில் என்னையும் சேர்த்து மேலே அனுப்பினார்கள். ஜன்னலைத் திறந்தால் மூடுபனி உள்ளே வந்து மெஷினுக்குள் ஈரம் கோக்கும் என்பதை மட்டும் அவர் யோசிக்கவில்லை. கடைசியில் ஜன்னலை மூடி ஏ.சி.யே போட்டோம்.

பணி ஓய்வு பெறும்வரை அந்த அறையில்தான் இருந்தேன். தனி ஆள், வாடகை வீடும் பக்கத்துத் தெருவில்தான். இந்த வேலைக்கு வரும் இளையவர்கள் ஃபிளாஷ் டிஸ்க் பற்றி எழுதச் சொன்னார்கள். தொழில்நுட்பம் கொஞ்சம்தான் இருக்கும், பரவாயில்லையா?

1. சுற்றிக்கொண்டிருந்த காலம்

முதலில் இருந்தவை பழைய ஹார்ட் டிஸ்குகள். உள்ளே தட்டு சுழலும், ஊசி தேடித் தேடிப் படிக்கும். மாதக் கடைசியில் கிடங்கு இருப்பு ரிப்போர்ட் எடுத்தால் மதியச் சாப்பாடு முடிந்த பிறகும் ஓடும். பழனி கிடங்குப் பிரிவில் இருந்த தனபாக்கியம் அதை ஓடவிட்டுவிட்டு எனக்குப் போன் செய்வாள்.

"ராஜிக்கா, சுத்திக்கிட்டே கெடக்கு."

"சுத்தட்டும். நீ சாப்ட்டியா?"

"எங்க சாப்புட? இந்தச் சோலி முடியணும்ல."

அவ்வளவுதான், பேச்சு ஆரம்பித்துவிடும். தைப்பூசக் கூட்டத்தில் பஸ் கிடைக்காமல் நடந்து வந்தது, மாமியார் உப்புமாவைக் குறை சொன்னது, மகன் கணக்கில் கோட்டைவிட்டது என்று எல்லாம் எனக்குத் தெரியும். என் காய்ச்சல், தலைவலி எல்லாம் அவளுக்குத் தெரியும். நேரில் பார்த்துக்கொண்டது ஆயுத பூஜைக்கு நான் கீழே இறங்கும்போது மட்டும்தான்.

2. வேகம் வந்தது

எஸ்.எஸ்.டி என்கிற ஃபிளாஷ் டிஸ்க் வாங்கித் தரச் சொல்லி நச்சரித்தவள் நானேதான். அதில் சுழலும் தட்டே கிடையாது, எல்லாம் சில்லுக்குள் நடக்கும். மாற்றிய மாதக் கடைசியில் தனபாக்கியம் போன் செய்தாள்.

"அக்கா, பட்டனை அமுக்குறதுக்குள்ள வந்து நிக்குது. எதுவும் தப்பாப் போச்சா?"

"தப்பெல்லாம் இல்ல. இனிமே இப்படித்தான்."

"அப்ப நல்லதுதான்" என்றாள். பிறகு வைத்துவிட்டாள்.

அடுத்த மாதமும் போன் வரவில்லை, அதற்கடுத்த மாதமும் வரவில்லை. ஆயுத பூஜையையும் அந்தந்தக் கிளையிலேயே வைத்துக்கொள்ளச் சொல்லிவிட்டார்கள். எங்கள் தொழிலில் யாரும் கூப்பிடவில்லை என்றால் வேலை சரியாக நடக்கிறது என்று அர்த்தம். அந்தக் கணக்கில் நான் பிரமாதமாக வேலை பார்த்தேன். ஏ.சி. சத்தத்தைத் தவிர வேறு சத்தமில்லாத அறையில் எனக்கு நானே பேச ஆரம்பித்தேன். கஷ்டமாக இருந்தது. வேகமாக வேலை செய்யும் மெஷினைக் குறை சொல்ல முடியுமா? யாரிடமும் சொல்லவில்லை.

3. ஒரே பெட்டியில் வந்த இரண்டு

இது இளையவர்களுக்கு. ஃபிளாஷ் டிஸ்க் எழுத எழுதத் தேயும். எங்களிடம் இருந்தவை இரண்டு, ஒன்றில் எழுதுவதெல்லாம் இன்னொன்றிலும் அப்படியே எழுதப்படும். ஒன்று போனால் மற்றது காப்பாற்றும் என்பது ஏற்பாடு. ஆனால் இரண்டும் ஒரே பெட்டியில் வந்தவை, ஒரே நாளில் மாட்டியவை, ஒரே அளவு எழுத்தைத் தாங்கியவை. அப்படியென்றால் சாவதும் ஏறக்குறைய ஒன்றாகத்தான் இருக்கும். தேய்மானத்தைக் காட்டும் எண் ஏற ஏற, ஒன்றையாவது இப்போதே மாற்றுங்கள் என்று மேனேஜரிடம் கேட்டேன்.

"ஓடுதுல்லம்மா? ஓடுற மாட்ட எதுக்கு மாத்திக்கிட்டு?"

"இது மாடு இல்ல சார், படுத்தா எழுப்ப முடியாது" என்றேன். சிரித்தார். ஆர்டர் மட்டும் போடவில்லை.

4. விதைப் பூண்டு வந்த நாள்

சீசன் நேரம், சனிக்கிழமை. மேல்மலை விவசாயிகள் அடுத்த விதைப்புக்கு எடுத்துவைக்கும் விதைப் பூண்டை, திரும்ப எடுக்கும்வரை பத்திரமாக வைக்கப் பழனிக் கிடங்கில் இறக்கிக்கொண்டிருந்தார்கள். மூட்டையில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும். அந்த எண் யாருடையது என்பது டேட்டாபேசில்தான் இருக்கும். காலை முழுக்கப் பதிவு நடந்துகொண்டிருந்தபோது ஒரு டிஸ்க் செத்தது. மற்றதும் கடைசி மூச்சில் இருந்தது. முந்தைய இரவு எடுத்த பேக்கப்பில் அந்தக் காலைப் பதிவு எதுவும் கிடையாது.

முதல் வேலையாக யாரும் எதையும் எழுத முடியாதபடி டேட்டாபேசை மூடினேன், படிக்க மட்டும் விட்டேன். மூலையில் கிடந்த வேறொரு மெஷினுக்கு நகல் எடுக்க ஆரம்பித்தேன். போன் அடிக்கத் தொடங்கியது. மன்னவனூர் கிடங்கு, ஆடலூர் கிடங்கு, மேனேஜர், மறுபடி மன்னவனூர். உண்மையைச் சொன்னால், அத்தனை பயத்திலும் அந்தச் சத்தம் எனக்குப் பிடித்திருந்தது.

பழனியிலிருந்து ஒரு சின்னப் பெண்ணின் குரல். "மேடம், கெடங்குல இருந்து சுகன்யா பேசுறேன். எதுவும் சேவ் ஆக மாட்டேங்குது."

"இனிமே வர்றத பேப்பர்ல எழுதி வைங்கம்மா. தனபாக்கியம் இல்லையா?"

"அவங்க வேலைய விட்டு நின்னு ரொம்ப நாளாச்சே மேடம். ஒங்களுக்குத் தெரியாதா?"

தெரியாது. பதில் சொல்வதற்குள் ஒரு விவசாயி போனை வாங்கிவிட்டார்.

"அம்மா, வெள்ளனே எறக்குனது எங்க மூட்டைங்க. எங்கப்பா காலத்துல இருந்து வச்சிருக்கிற வெதை. வேற ஆளோடதோட மாறிப்போச்சுன்னா நான் எங்க போய்க் கேப்பேன்?"

"யாரும் மூட்டையத் தொடாதீங்கய்யா. கொஞ்ச நேரம் பொறுங்க, சொல்றேன்."

மேனேஜர் அவசரமாகச் சொல்லி மதுரையிலிருந்து புது டிஸ்க் ஏற்றிவந்த டாக்ஸி, வழியில் பெருமாள்மலையில் டூரிஸ்ட் வண்டிகளுக்கு நடுவே நின்றது. அது வந்து சேர்வதற்குள் இரண்டாவது டிஸ்கும் செத்தது. ஆனால் அதற்குக் கொஞ்சம் முன்னால் நகல் முடிந்திருந்தது. காலைப் பதிவு ஒன்றுகூடப் போகவில்லை. பழனிக்குப் போன் செய்து அந்த விவசாயியிடம் அவருடைய மூட்டை எண்களை நானே படித்துச் சொன்னேன். "நல்லா இருங்கம்மா" என்றார். பொழுது சாய்வதற்குள் எல்லாம் பழையபடி வேகமாக ஓடியது. போனும் நின்றுவிட்டது.

5. கீழே இறங்கினேன்

தனபாக்கியத்தின் வீட்டு விலாசமும் சொந்த நம்பரும் என் டேட்டாபேசில்தான் இருந்தன. திறந்து பார்க்க ஒரு நொடி போதும். ஆனால் காவல் காக்கிறவர் பெட்டிக்குள் கையை விடக் கூடாது, அது எங்கள் தொழிலின் ஒழுங்கு. திங்கட்கிழமை லீவு போட்டு பஸ் ஏறி, பழனியில் சுகன்யாவிடம் வழி கேட்டுப் போனேன்.

வாசலில் என்னைப் பார்த்ததும் தனபாக்கியம் கையைத் துடைத்துக்கொண்டே வந்தாள். "என்னக்கா, ஆபீஸ்ல ஏதும் பிரச்சனையா?" என்றுதான் முதலில் கேட்டாள்.

"ஒண்ணும் இல்ல. ஒன்னயத்தான் பாக்க வந்தேன். வேலைய விட்டத ஏன்டி சொல்லல?"

"கடைசி நாள் போனைக் கையில எடுத்தேன்க்கா. ரிப்போர்ட்டெல்லாம் டக்குனு வந்துருது, என்ன சோலியா கூப்புட்டேன்னு நீங்க கேட்டா என்ன சொல்றதுன்னு வச்சுட்டேன்."

அத்தனை காலமாக நானும் அதே காரணத்துக்காகத்தான் போனை எடுத்து எடுத்து வைத்துக்கொண்டிருந்தேன்.

எஸ்.எஸ்.டி.யைக் கட்டாயம் வாங்குங்கள், ஆனால் இரண்டையும் ஒரே பெட்டியிலிருந்து வாங்காதீர்கள். அப்புறம், வேலை சீக்கிரம் முடிகிற நாளில் காரணம் எதுவும் இல்லாமல் யாருக்காவது போன் செய்யுங்கள். என்ன சோலி என்று அவர்கள் கேட்க மாட்டார்கள்.