ஃபுட் பாய்சன்னு சொல்லிடுங்க சிஸ்டர்

நர்ஸ் வேலைக்கு ஊசி போடும் கையைவிட மூக்குதான் முதலில் பழக வேண்டும். என்னைப் போலச் சின்ன ஆஸ்பத்திரிகளில் கேஷுவாலிட்டி பார்த்து நொந்துபோன சகோதரிகளே, உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காதுகுத்து விருந்து

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். சேக்காட்டில் ஒரு காதுகுத்து வீட்டிலிருந்து பத்தாவது படிக்கும் பையனைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். பெயர் தினேஷ் என்று வைத்துக்கொள்வோம். ஒரே வாந்தி. "பிரியாணி ஒத்துக்கல, ஃபுட் பாய்சன்னு சொல்லிடுங்க சிஸ்டர்" என்றாள் அம்மா. கிட்டே போனாலே பிராந்தி நெடி.

யார் கொடுத்தது என்று கேட்டேன். தாய்மாமன் கொஞ்சமும் கூச்சமில்லாமல் முன்னால் வந்தார். பையனின் அப்பாவோ பின்னால் நின்று செல்போனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. படிக்கிற பிள்ளைக்கு இதைக் கொடுக்கலாமா என்று கத்தினேன். மாமன் சொன்னார்:

"இன்னா சிஸ்டர், மாமன் கையாலதானே குடிச்சான், வெளியாளா குடுத்தான்?"

பிறந்தநாள் ட்ரீட்

சில மாதம் கழித்து மறுபடியும் அதே தினேஷ். இப்போது ப்ளஸ் ஒன். பைக்கில் அவனை நடுவில் உட்காரவைத்துக்கொண்டு வந்த இரண்டு நண்பர்கள், வாசல் பெஞ்சில் மல்லாக்கப் போட்டார்கள். ஒருவன் பைக்கோடு ஓடியே போய்விட்டான்.

தினேஷுக்கு நினைவில்லை, வாயில் அதே பிராந்தி நெடி. வாந்தி மூச்சுக்குழாயில் ஏறியிருந்தால் அந்த பெஞ்சிலேயே கதை முடிந்திருக்கும். ஒருக்களித்துப் படுக்கவைத்து, வாயைச் சுத்தம் செய்து, டாக்டர் வந்து அவன் மூச்சு சீராகும்வரை என் உயிர் என்னிடம் இல்லை. ஓடாமல் நின்றவனைப் பிடித்து உலுக்கினேன். அழுதுகொண்டே சொன்னான்:

"பர்த்டே ட்ரீட்ல அவன் வேணாம்னுதான் சொன்னான் சிஸ்டர், மாமா குடுத்தா மட்டும் குடிப்பியா மச்சான்னு நாங்கதான் கேட்டோம்."

அப்பா வந்தார்

தகவல் போய் அப்பா வந்தார். வந்ததும் அந்த நண்பனுக்குப் பளாரென்று ஒரு அறை. "எம்புள்ளய குடிகாரனாக்கிட்டியேடா" என்று ஆஸ்பத்திரியே அதிர ஒரு கூச்சல். அவர் வாயிலும் அதே நெடி. அடுத்து மகனை அடிக்கக் கையை ஓங்கினார். நான் குறுக்கே போய் நின்றேன். அதற்குள் கட்டிலில் கண் விழித்திருந்த தினேஷ் மெல்லச் சொன்னான்:

"மாமா ஊத்திக் குடுத்தப்ப நீதானப்பா போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வெச்ச."

நான் பார்த்தவரை இந்தப் பக்கத்தில் எந்த வீட்டுப் பிள்ளையும் குடிப்பதில்லை, எல்லோரையும் கெடுப்பது அந்தப் பாழாய்ப்போன பிரியாணிதான்.